மதுசனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

"பேச்சியம்மா, மதுசனைப் பின்பக்கத்தால நாயாத்துக் கரைக்கு அனுப்புங்கோ. கெதியா!"

யன்னல் சீலையை இரண்டு விரலால் விலக்கிப் படலையைப் பார்த்தபடியே சின்னராசா சொன்னார். படலையடியில் வெள்ளை வாகனமொன்று நின்றது. அதன் முன்பக்கத்தில் நீலக்கொடி ஆடியது.

தேநீர்க் கேத்திலோடு வந்த பேச்சியம்மா அப்படியே நின்றுவிட்டார். "காலையிலதானுங்க ஐயா அந்தப் புள்ள நாயாத்துல இருந்து வந்துச்சு. இன்னும் சாப்பிடக்கூட இல்ல."

"சோத்தைக் கட்டிக் குடுத்து அனுப்புங்கோ."

"என்னா வேலைன்னு கேட்டா?"

சின்னராசா ஒரு கணம் யோசித்தார். "படகு எண்ணச் சொல்லுங்கோ."

"நேத்துத்தான் எண்ணினதாச் சொல்லிச்சு."

"திரும்ப எண்ணட்டும். கூடிக் குறைஞ்சிருக்கும்."

பேச்சியம்மா கேத்திலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் பின்பக்கமாக மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டுத் தேய்ந்தது. சின்னராசாவுக்கு மூச்சு வந்தது.

சுனாமியாகக் கடல் வந்து போய் எட்டு மாதமாகியிருந்தது. சமாதான காலமென்று கிளிநொச்சிக்கு முதலே வந்திருந்த உதவி நிறுவனங்களோடு, அலைக்குப் பிறகு வந்தவையும் சேர்ந்துகொண்டதில் ஏ9 வீதியோரம் பெயர்ப்பலகை நட இடமில்லாமற் போனது. அந்த நீளமான ஆங்கிலப் பெயர்களைச் சனங்கள் வாயில் வைத்துக்கொள்ளவில்லை. நீலக்கொடி, மஞ்சள் ரீசேட், கிணத்துக்காரர், சவர்க்காரக்காரர் என்று தாங்களாகவே பெயர் வைத்துவிட்டார்கள். சின்னராசா இணைப்பாளராக இருந்த 'தளிர்' நிறுவனத்துக்கு மட்டும் அப்படியொரு பெயர் கிடைக்கவில்லை. கொடியில்லை, ரீசேட் இல்லை. அதனிடம் இருந்தவை ஒரு மோட்டச்சைக்கிள், மழைக்கு ஒழுகும் ஒரு கந்தோர்க் கட்டடம், பிறகு மதுசன்.

பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறை சின்னராசாவுக்கு மனப்பாடம். முதலில் யாரோ ஒருவர் 'சும்மாதான்' என்று சொல்லிக்கொண்டு வருவார். பிளேன்ரீ குடிப்பார். இன்ன பெடியன் எப்படி என்று கேட்பார். இரண்டு கிழமையில் அந்தப் பெடியன் தலையைச் சொறிந்தபடி வந்து நிற்பான். இப்படித்தான் பொறியியலாளர் போனார். கணக்காளர் போனார். மிஞ்சியிருந்தது மதுசன்தான். கரையோரத்தில் எந்தக் குடும்பம் எந்தக் கொட்டிலில் இருக்கிறதென்று அவனைக் கேட்டால்தான் தெரியும். மின்பிறப்பாக்கி நின்றுபோனால் அவன் தட்டினால்தான் ஓடும். அறிக்கை எழுதுவதும் அவன், அதை வெளிநாட்டாருக்கு விளங்கப்படுத்துவதும் அவன். அவன் போனால் தளிரைப் பூட்டிச் சாவியைப் பேச்சியம்மாவிடம் கொடுக்கவேண்டியதுதான்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை நீளக்கைச் சேட்டு, பொக்கற்றில் இரண்டு பேனை, கையில் ஒரு தோற்பை. அவரை இறக்கிவிட்டு வாகனம் போய்விட்டது. ஆற அமர இருந்து கதைக்கத்தான் வந்திருக்கிறார் என்று சின்னராசா நினைத்துக்கொண்டார்.

"இருங்கோ ஐயா. என்ன விஷயம்?"

"பெரிசா ஒண்டுமில்லைத் தம்பி." வந்தவர் கதிரை நுனியில் இருந்தார். "இந்தப் பக்கம் வந்தனான். உங்களிட்ட மதுசன் எண்டொரு பெடியன் வேலை செய்யிறாரெல்லே?"

"ஓம்."

"ஆள் எப்பிடி?"

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான்."

சின்னராசா கேத்திலை எடுத்துப் பிளேன்ரீ ஊற்றி வைத்தார். அதே சொல்.

"நான் ஒளிக்காமல் சொல்லுறன் ஐயா. நல்ல பெடியன்தான். ஆனா காலமையில எழும்பமாட்டான்."

"இளம் பெடியள்தானே."

"சொன்ன வேலையைச் செய்யமாட்டான். சொல்லாததைச் செய்துபோட்டு வந்து நிப்பான்."

"ம்."

வந்தவர் அசைவதாயில்லை. பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, அடுத்ததைச் சொல் என்பதுபோலப் பார்த்தார். சின்னராசா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"கோவம் வந்தா ஆள் வேற. போன மாதம் கோப்பையைத் தூக்கி எறிஞ்சவன். அந்தா, சுவரில அடையாளம்." சுவரிலிருந்தது மழை ஒழுகின அடையாளம்.

வந்தவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "குடி, வெறி?"

"பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கேலாது." சின்னராசா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மூண்டு பொம்பிளைப் பிள்ளையளும் இங்க வேலைக்கு வந்து போறவை. நாங்கள் ஒரு கண் வைச்சுக்கொண்டுதான் இருக்கிறம். இதுக்கு மேல என்னைச் சொல்ல வைக்காதேங்கோ."

உண்மையில் ஆறு மணிக்குப் பிறகு மதுசனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம், அவன் அகதி முகாமுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. கடைசி வசனம் வாயைவிட்டுப் போனதும் சின்னராசாவுக்கே காது சுட்டது. ஆனால் போனது போனதுதான்.

"எத்தினை வருசமா உங்களிட்ட நிக்கிறார்?"

"நாலு வருசம்."

"நாலு வருசம்," என்று வந்தவர் திருப்பிச் சொன்னார். மீதித் தேநீரையும் குடித்து முடித்தார். "நல்லது தம்பி. மனம் விட்டுச் சொன்னியள். சந்தோசம்."

தோற்பையை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து, வெய்யிலில் பஸ் நிலையத்தை நோக்கி நடந்து போனார். நீலக்கொடிக்காரர் ஏன் பஸ்சில் போகிறார் என்று சின்னராசா நினைத்தார். கஞ்சத்தனம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம், தலைமுடியெல்லாம் செம்மண்ணாக மதுசன் வந்து சேர்ந்தான்.

"எண்ணிப் பாத்தனான் சேர். ஒரு படகும் குறையேல்லை."

"நல்லது."

மதுசன் போகவில்லை. மேசையின் மூலையைத் தடவிக்கொண்டு நின்றான். முப்பத்துமூன்று வயதில் அவனுக்கு வெட்கம் வந்து சின்னராசா பார்த்ததில்லை.

"சேர், நேற்று ஆரும் வந்தவையோ?"

"ஆர்?"

"தர்மபுரத்தில இருந்து பொன்னையா எண்டு... முந்திச் சங்கக்கடையில மனேச்சரா இருந்தவர். எனக்கு அவரின்ர மகளைப் பேசுகினம் சேர். அனோஜா எண்டு, முன்பள்ளியில படிப்பிக்கிறா. சாதகம் பொருந்தியிட்டுது. வேலை செய்யிற இடத்தில ஒருக்கா விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறம் எண்டு சொன்னவை. எங்கட ஆக்கள் விசாரிக்கிறதெண்டா என்னெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, வந்த காரணத்தைச் சொல்லமாட்டினம்."

சின்னராசா மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். வெறுமையாகும்வரை குடித்தார்.

"நீலக்கொடி வாகனத்திலயோ வந்தவர்?"

"இருக்கும் சேர். அந்தச் சாரதி அவையின்ர பக்கத்து வீடு. கேட்டா ஏத்திக்கொண்டு வருவான்." மதுசன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன சேர் கேட்டவர்?"

"சும்மா... பொதுவாத்தான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? உள்ளதைத்தான்."

மதுசனின் முகத்தில் வந்த சிரிப்பைச் சின்னராசாவால் பார்க்க முடியவில்லை. "ரெண்டு இடம் ஏற்கெனவே குழம்பிப் போச்சு சேர். ஒண்டு, நிரந்தர வேலையில்லை எண்டு. மற்றது, லண்டன் மாப்பிள்ளை வந்திட்டார். அம்மா இந்த முறையும் சரிவராட்டில் கோயிலுக்கே போகமாட்டன் எண்டு நிக்கிறா. உங்களிட்டத்தான் விசாரிக்க வருகினம் எண்டாப் பிறகுதான் அவாவுக்கு நித்திரை வந்தது."

அன்று பின்னேரம் சின்னராசா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். அது பொய்யுமில்லை.

நீலக்கொடி நிறுவனத்தின் ஆளணிப் பொறுப்பாளர் இர்ஷாத்தின் வீடு முல்லைத்தீவில். கிழமைக்கு இரண்டு தடவை பரந்தன் வீதியால் போய் வருகிறவர். தர்மபுரமும் அந்த வீதியில்தான். சின்னராசா அடுத்த நாள் காலை அவருடைய கந்தோர் வாசலில் நின்றார்.

"இர்ஷாத் தம்பி, போற வழியில ஒரு சின்ன உதவி. தர்மபுரத்தில பொன்னையா எண்டொருத்தர். அவரிட்ட எங்கட மதுசனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவேணும்."

இர்ஷாத் புருவத்தை உயர்த்தினார். "நாலுமோ? போன கூட்டத்தில நான் கேக்கக்குள்ள அவன் ஒண்டுக்கும் உதவான் எண்டல்லவா சொன்னீங்க?"

"அது... அப்ப அப்பிடி."

"நீங்க புகழ்ந்து தந்த சாரதியைத்தான் நாங்க எடுத்தது. ரெண்டாம் நாளே வாகனத்தை இரணைமடு வாய்க்காலுக்குள்ள இறக்கினான். நாங்க மீனும் சேர்த்துத்தான் வெளியில எடுத்தது."

"தம்பி, இது வேலை விஷயமில்லை. கலியாணம்."

இர்ஷாத் சிரிப்பதை நிறுத்தினார். சின்னராசா நடந்ததைச் சொல்லவில்லை. 'விசாரிக்க வந்த நேரம் நான் வேலையா இருந்திட்டன், வடிவாச் சொல்ல ஏலாமப் போச்சு' என்று மட்டும் சொன்னார்.

"சரி, நல்ல காரியம். சொல்லிட்டுப் போறன்."

இரண்டு நாளில் இர்ஷாத் திரும்பி வந்தார். சொன்னாராம். பொன்னையா முழுவதையும் கேட்டாராம். கேட்டு முடித்து, "உங்களை ஆர் தம்பி அனுப்பினது?" என்றாராம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சின்னராசா அண்ணன் எண்டன். பொய் சொல்லவா ஏலும்? பிறகு அந்த மனிசன் கதைக்கவேயில்ல. வெத்திலையையும் தந்திட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்."

சின்னராசா அன்று முழுவதும் அதை வைத்து யோசித்தார். ஒருவர் மட்டும் போய்ச் சொன்னபடியால்தான் அது ஏற்பாடு மாதிரித் தெரிந்திருக்கிறது. பலர் தற்செயலாகச் சொன்னால் அது ஊர் அபிப்பிராயம். மறுத்து யாரும் சொல்ல முடியாது.

நிறுவனங்களின் மாதாந்த ஒருங்கிணைப்புக் கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்தது. கடைசி விடயம், வழமைபோல, 'தகவல் பகிர்வு'. அந்த இடம் வரும்போது எல்லோரும் கைப்பையை மூடிவிடுவார்கள். எவரும் எதையும் பகிர்வதில்லை. தங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னால் மற்ற நிறுவனம் ஓடிப்போய் அங்கே பெயர்ப்பலகை நட்டுவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால்தான் நாயாற்றில் ஒரே குடும்பத்துக்கு மூன்று நிறுவனங்கள் வலை கொடுத்திருந்தன. அந்தக் குடும்பத்தலைவர் தச்சுவேலைக்காரர்.

அன்றைக்குச் சின்னராசா எழும்பினார்.

"ஒரு தகவல் பகிரவேண்டியிருக்கு. எங்கட களப்பணியாளர் மதுசனுக்குக் கலியாணம் பேசுகினம். பொம்பிளை வீடு தர்மபுரத்தில, மெயின் ரோட்டுக்கரை, நீலப் படலை, முன்னுக்கு ரெண்டு தென்னை. கரைப்பக்கம் போறவை எல்லாரும் அந்த வழியாத்தான் போறனீங்கள். தண்ணி விடாய்க்கு நிக்கிற மாதிரி நிண்டு, கதையோட கதையா ஒரு சொல்லுச் சொல்லிவிட்டா..."

மூடிய கைப்பைகள் திறந்தன. பிறகு எல்லோரும் கொப்பியைத் திறந்து எழுதினார்கள். கூட்டத்தை நடத்தியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இப்பிடித்தான் பகிரவேணும்," என்றார்.

ஒரே வலையை மூன்று தடவை கொடுத்ததைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் எடுத்த அந்தக் கூட்டம், மதுசனின் குணநலன்களை ஒரே மத்தியானத்தில் எல்லாக் கந்தோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

புதன்கிழமை கிணத்துக்காரர் போனார்கள். அவர்களில் ஒருவரும் மதுசனைக் கண்டதில்லை. ஆனாலும் குறை வைக்கவில்லை. "நல்ல உயரமான, சிவலைப் பெடியன். எந்தக் கூட்டத்திலயும் ஆள் தனியாத் தெரிவார்," என்று சொல்லி இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்கள். மதுசன் கட்டை, நல்ல கறுப்பு.

வியாழக்கிழமை மஞ்சள் ரீசேட்டுகள் எட்டுப் பேர் ஒரு உழவு இயந்திரத்தில் போய் இறங்கினார்கள். எட்டுப் பேரும் ஒரே வசனத்தையே சொன்னார்கள். அவர்களுடைய தலைவர் வரும் வழியில் சொல்லிக் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சவர்க்காரக்காரரின் முச்சக்கரவண்டி ஒலிபெருக்கியோடு தர்மபுரத்துக்குள் போனது. கழிப்பறைக்குப் போய்வந்த பின் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவும்படி ஊரைக் கேட்டுக்கொண்ட அறிவிப்பாளர், நீலப் படலையைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, அதே குரலில் தொடர்ந்தார்:

"அத்தோடு அன்பார்ந்த பொதுமக்களே! தளிர் நிறுவனத்தைச் சேர்ந்த மதுசன் அவர்கள் நல்லொழுக்கமும் சுத்தமும் உடையவர் என்பதையும் அறியத்தருகின்றோம்!"

அதைச் சந்தையில் வைத்து யாரோ சொல்லக் கேட்ட சின்னராசா, வாங்கின கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

இனி நேரே போவதுதான் வழி. தனியாகப் போக முகமில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரே நம்பும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லதென்று பேச்சியம்மாவைக் கூப்பிட்டார். மதுசனுக்காக என்றதும் பேச்சியம்மா மறுவார்த்தை பேசாமல் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து மோட்டச்சைக்கிளில் ஏறினார்.

பொன்னையா அவர்களைக் கதிரை போட்டு இருத்தினார். மனைவி இராசேஸ்வரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றுகொண்டார். உள்ளறைச் சீலைக்குப் பின்னால் யாரோ அசைவது தெரிந்தது. அது அனோஜாவாக இருக்கவேண்டும்.

"ஐயா, மதுசனைப் பற்றி..." என்று சின்னராசா தொடங்கினார்.

"இன்னுமோ?" என்றார் பொன்னையா.

"தங்கமான பெடியன் ஐயா."

"காலமையில எழும்பமாட்டார் எண்டனீங்கள்."

"நாலரைக்கே எழும்பியிடுவான்."

"மெய்தானுங்க," என்றார் பேச்சியம்மா. "நான் வாசல் கூட்ட வாறதுக்கு முந்தி அந்தப் புள்ள வேலையில குந்தியிருக்கும்."

"குடி?"

"சோடா கூடக் குடிக்கமாட்டான்."

"கோப்பை எறிஞ்சது?"

பேச்சியம்மா சின்னராசாவைத் திரும்பிப் பார்த்தார். "எந்தக் கோப்பைங்க? நம்ம கந்தோர்ல இருக்கிறதே அஞ்சு கோப்பை. அஞ்சும் இருக்கே."

"அப்ப அண்டைக்கு நீங்கள் சொன்னது, தம்பி?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சின்னராசா வாயைத் திறந்ததும் அதற்குத்தான். ஆனால் குசினி வாசலில் இராசேஸ்வரி, சீலைக்குப் பின்னால் அந்தப் பிள்ளை, பக்கத்தில் பேச்சியம்மா. மூன்று பெண்களுக்கு முன்னால், ஒன்றும் செய்யாத பெடியனைப் பற்றி அப்படிச் சொன்னேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"அது வேற மதுசன் ஐயா," என்றார்.

"வேற மதுசனோ?"

"எங்கட கந்தோரில ரெண்டு மதுசன். நீங்கள் கேக்க, நான் மற்றவனையாக்கும் எண்டு நினைச்சுப்போட்டன்."

பேச்சியம்மாவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

"அந்த மற்ற மதுசன் இப்ப எங்க?"

"வேலையால நிப்பாட்டிப்போட்டம்."

"எப்ப?"

"அண்டைக்கே. நீங்கள் வந்திட்டுப் போன பிறகு யோசிச்சுப் பாத்தன், இப்பிடி ஒரு ஆளை வைச்சிருக்கக்கூடாதெண்டு."

பொன்னையா பேச்சியம்மாவைப் பார்த்தார். "ஓமோ அம்மா? ரெண்டு மதுசனோ?"

பேச்சியம்மா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நமக்குத் தெரிஞ்சது ஒரு மதுசன்தானுங்க," என்றார். "அது நல்ல புள்ள."

திரும்பி வந்து கந்தோர் வாசலில் இறங்கியதும் பேச்சியம்மா சொன்னார்.

"ஐயா, நாளைக்கு நான் லீவுங்க."

அந்தக் கிழமையே பதில் வந்தது. மதுசனின் தாய்க்குத் தரகர் மூலம் ஒரே சொல், 'சரிவராது'. காரணம் சொல்லவில்லை. மதுசன் வழமைபோல வேலைக்கு வந்தான். மின்பிறப்பாக்கியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கீழே இருந்தான். சின்னராசா அவனைக் கடந்து மூன்று தடவை உள்ளே போய் மூன்று தடவை வெளியே வந்தார்.

"சேர்," என்றான் மதுசன், தலையை நிமிர்த்தாமல். "எனக்காக நீங்கள் எவ்வளவு அலைஞ்சனீங்கள் எண்டு இர்ஷாத் அண்ணை சொன்னவர். கூட்டத்தில எழும்பிக் கதைச்சதாம். தர்மபுரத்துக்கே போனதாம். சொந்தத் தமையன்கூட அப்பிடிச் செய்யமாட்டான். அமையேல்லை, அதுக்கு நீங்கள் என்ன செய்வியள்?"

சின்னராசா அவனுக்கு எதிரில், எண்ணெய் சிந்திய நிலத்தில், வெள்ளைக் காற்சட்டையோடு இருந்துவிட்டார்.

"மதுசன், நான்தான்."

"என்ன சேர்?"

"நீலக்கொடியில இருந்து உன்னை இழுக்க வந்திருக்கினம் எண்டு நினைச்சிட்டன். நீ போயிடுவாய் எண்ட பயத்தில... அந்த மனிசனிட்ட உன்னைக் கூடாதெண்டு சொல்லிப்போட்டன். குடி எண்டனான். கோவக்காரன் எண்டனான். இன்னுமொண்டும் சொன்னனான். அதை உன்ர முகத்தைப் பாத்துச் சொல்லேலாது."

மதுசன் கையிலிருந்த துணியை மடித்தான். விரித்தான். மறுபடியும் மடித்தான். சின்னராசா அவன் கத்துவான் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நீலக்கொடிக்காரர் என்னை மாசியிலயே கேட்டவை சேர்," என்றான் கடைசியில். "மாட்டன் எண்டிட்டன். நாயாத்துச் சனத்தை விட்டிட்டு எங்க போறது?"

"நீ எனக்குச் சொல்லேல்லையே!"

"நீங்கள் கேக்கேல்லையே."

ஒரு கந்தோர். இரண்டு மேசை. நடுவில் ஆறடி. சின்னராசா அந்த ஆறடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா," என்று எழும்பினார். "மோட்டச்சைக்கிளை எடு."

"எங்க சேர்?"

"தர்மபுரத்துக்கு. நீ கதைக்க வேண்டாம். நீ றோட்டில நில்லு."

போகிற வழியில் பரந்தன் சந்தியில் நீலக்கொடி வாகனமொன்று எதிரே வந்தது. உள்ளேயிருந்து இர்ஷாத் கையைக் காட்டினார். சின்னராசா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொன்னையா முற்றத்தில் செத்தல் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தார். இராசேஸ்வரி ஓலைப்பாயின் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். படலை திறந்த சத்தத்துக்குத் திரும்பிய பொன்னையாவின் முகத்தில் களைப்புத் தெரிந்தது.

"தம்பி, போதும். ஒலிபெருக்கியும் வந்திட்டுது. இனி ஆகாயத்தால வந்து சொல்லுறதுதான் மிச்சம்."

"ஐயா, நான் புகழ வரேல்லை." சின்னராசா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுமணலில் நின்றார். கால் சுட்டது, நகரவில்லை. "ரெண்டு மதுசன் இல்லை. ஒரு மதுசன்தான். அந்தா, றோட்டில நிக்கிறவன். நீங்கள் முதல் நாள் வரக்குள்ள, அவனைப் பெரிய நிறுவனத்துக்கு எடுக்க வந்திருக்கிறியள் எண்டு நினைச்சு, விட மனமில்லாமல் பொய் சொன்னனான். அவன் குடிக்கிறதில்லை. பின்னேரத்தில முகாம் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவன். சுவரில இருந்தது மழை ஒழுகின அடையாளம். பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றிச் சொன்னது..." இராசேஸ்வரியைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "எனக்கும் ஒரு மகள் இருக்கு ஐயா. அந்தச் சொல்லுக்கு என்னை நீங்கள் செருப்பால அடிக்கலாம். நான் முதல் நாள் சொன்னது அவ்வளவும் பொய். அதாலதான் ஒரு பிழையும் செய்யாத பெடியன்ர கலியாணம் குழம்பிப் போச்சு."

பொன்னையா கையில் ஒட்டியிருந்த மிளகாய் விதையைத் தட்டினார். வீதியில் மோட்டச்சைக்கிளோடு நின்ற கட்டைக் கறுப்புப் பெடியனை நெடுநேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வெட்கப்பட்டவர்போலக் குனிந்து பாயைச் சரிசெய்தார்.

பாயின் மற்றத் தலைப்பைக் கீழே விட்டுவிட்டு இராசேஸ்வரிதான் சொன்னார்:

"அது பொய்யெண்டு எங்களுக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. இவ்வளவு கூடாத பெடியனை நாலு வருசமா ஆரும் வைச்சிருப்பினமோ, ஆள் கட்டாயம் தங்கமாத்தான் இருக்கவேணும் எண்டு சொல்லி இவர் உங்களிட்ட இருந்து திரும்பி வரேக்குள்ளயே கலியாணத்துக்கு நாளும் பாத்துக்கொண்டு வந்தவர், பிறகு நீங்கள் எல்லாருமாச் சேர்ந்து வரிசையில வந்து புகழத் துடங்கினதாலதானே எங்களுக்குப் பயம் பிடிச்சது!"